பொட்டு மாமா பார்த்த பொருத்தம்

உலகத்தில் முழு நல்லவன் என்று ஒருவன்கூடக் கிடையாது என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்லி, சொன்ன வீட்டிலேயே காப்பியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரே மனிதர் பொட்டு மாமாதான். சாமியார்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பொதுப்படையாகச் சொல்வார்கள். பொட்டு மாமா ஆளைக் காட்டிச் சொல்வார்.

அவருக்குத் தொழில் கல்யாணத் தரகு. முப்பதுகளில் மயிலாப்பூரில் தரகர்களுக்குப் பஞ்சமே இல்லை. தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நாலைந்து பேராவது கக்கத்தில் ஜாதகக் கட்டோடு எதிரே வருவார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்று பெரியவர்கள் சொன்னதை அவர்கள் வேத வாக்காக எடுத்துக்கொண்டவர்கள். வேலை வெட்டி இல்லாத பையனைப் பற்றி, "எந்த வேலையை ஒத்துக்கலாம்னு யோசிச்சுண்டிருக்கான்" என்பார்கள்.

பொட்டு மாமா அப்படி இல்லை. பையனைப் பற்றி உள்ள நல்லதையெல்லாம் உள்ளபடி சொல்வார். படிப்பு, உத்தியோகம், குடும்பம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, செம்பைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். மேல் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். பிறகு, "ஆனா ஒண்ணு" என்பார்.

அந்த 'ஆனா ஒண்ணு'க்கு மயிலாப்பூரில் பயப்படாத கல்யாணப் பிள்ளையே கிடையாது.

"கொழந்தையைக் குளிப்பாட்டி, சிங்காரிச்சு, கன்னத்துல கறுப்பா ஒரு திருஷ்டிப் பொட்டு எதுக்கு வைக்கறா?" என்று கேட்பார். "மூக்கும் முழியுமா இருக்கே, கண்ணு பட்டுடப் போறதேன்னுதானே? மாப்பிள்ளைக்கு மாத்திரம் கண்ணு படாதா? அப்பழுக்கே இல்லாத பையன்னு சொல்லிப் பாருங்கோ, எதையோ மறைக்கறான்னு பொண்ணாத்துக்காராளுக்குத் தூக்கமே வராது. அதனால நானே ஒரு பொட்டு வெச்சுடறேன்."

இதனால்தான் அவருக்குப் பொட்டு மாமா என்று பெயர். நிஜப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. அவருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது என் சந்தேகம்.

ஒரு தடவை ஒரு ரிடையர்டு தாசில்தார் வீட்டில், பி.ஏ. படித்து அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பையனைப் பற்றிப் பேசப் போனார். எல்லாம் சொன்னார். தண்ணீர் குடித்தார்.

"ஆனா ஒண்ணு. பையன் குறட்டை விடுவான்."

"குறட்டைன்னா எந்த மட்டுக்கும்?" என்றார் தாசில்தார். அவர் நிலம் அளந்து பழகியவர்.

"எதிராத்துல எழுந்துண்டுடுவா."

தாசில்தார் உள்ளே போய் மனைவியிடம் கலந்துகொண்டு திரும்பி வந்தார். "குடி, சீட்டாட்டம், அப்படி இப்படி ஏதாவது உண்டா ஓய்?"

"அதெல்லாம் இருந்தா அதையன்னா சொல்லியிருப்பேன்? குறட்டையை எதுக்குச் சொல்றேன்?"

தாசில்தாருக்கு உயிர் வந்தது. அந்த இடத்திலேயே முகூர்த்தத்துக்கு நாள் பார்த்தார்கள். கல்யாணம் ஆகிப் பல மாதம் கழித்து அந்தப் பெண்ணைக் கேட்டபோது, "குறட்டையா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாளாம். பொட்டு மாமா குறையை இட்டுக்கட்டுகிறார் என்று ஊரே முடிவு கட்டியது. ஒரே ஒரு பொய் சொல்லிக் கல்யாணம் செய்து வைக்கிறவர், அந்தப் பொய்யையும் மாப்பிள்ளைக்கு விரோதமாகவே சொல்கிறவர் என்று அவருக்குப் பெயர் வந்தது. ஆனால் அவர் செய்து வைத்த எந்தக் கல்யாணமும் கெட்டுப் போகவில்லை. மோசமான சமாசாரத்தை முதல் நாளே கேட்டு விட்டவர்களுக்கு அதற்கப்புறம் நடந்ததெல்லாம் லாபமாகவே தோன்றியது.

சரி, ஊருக்கெல்லாம் பொட்டு வைக்கிறவருக்குத் தமக்கு ஒரு பொட்டு வேண்டாமா? அதையும் அவர் வைத்துக்கொண்டிருந்தார். காசி யாத்திரைக் குடையைத் திருடுவார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை 'எனக்கு இல்லறம் வேண்டாம், காசிக்குப் போகிறேன்' என்று புதுக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் கிளம்புவதும், பெண்ணின் தகப்பனார் ஓடி வந்து 'என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாரும்' என்று வழி மறிப்பதும் நம் கல்யாணங்களில் உள்ளதுதானே. மாப்பிள்ளை திரும்பி வருவார். பொட்டு மாமா நடத்தி வைத்த கல்யாணங்களில் குடை திரும்பி வராது. இதையும் அவர் மறைத்ததில்லை. நிச்சயதார்த்தத்தன்றே, "என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடணும். நான் நாணயஸ்தன். ஆனா ஒண்ணு, குடையை எடுத்துண்டு போயிடுவேன். ஜாக்கிரதையா இருங்கோ" என்று சொல்லிவிடுவார். எல்லாரும் வேடிக்கை என்று சிரிப்பார்கள். குடை போய்விடும்.

கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு ஒற்றை அறை. துணி உலர்த்தும் மூங்கிலில் குடைகள் வௌவால் மாதிரி வரிசையாகத் தொங்கும். அவர் வழக்கமாக ஏறும் ஜட்கா கன்னியப்பனுடையது. கல்யாண வீட்டிலிருந்து கக்கத்தில் குடையோடு அவர் வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் கன்னியப்பன் கேட்பான்.

"இன்னா சாமி, இன்னிக்கும் கொடையா?"

"ஆமாண்டா."

"அவங்களா குட்த்தாங்களா, நீயா எட்த்துக்கினியா?"

"நானாத்தான் எடுத்துண்டேன்."

"நல்லா கீது நாயம். நீ எட்த்துக்கினு வருவ, போலீஸ்காரன் வண்டிக்காரன இல்ல புடிப்பான்?"

"உனக்கும் ஒண்ணு தரேண்டா."

"மய பெய்யசொல்ல குடு, வாங்கிக்கிறேன்."

உண்மையிலேயே மழை பெய்கிறபோதுதான் கொடுப்பார். ஐப்பசி பிறந்து மாட வீதிகளில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால், மூங்கிலிலிருந்து குடைகளை உருவி வண்டியில் போட்டுக்கொண்டு கோபுர வாசலுக்கு வந்துவிடுவார். பூக்காரி, குருக்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைகள், யார் நனைந்தாலும் ஒரு குடை. திருப்பிக் கேட்கவே மாட்டார். மயிலாப்பூர் முழுவதும் காசிக்குப் புறப்பட்டு விட்டதுபோல இருக்கும். இப்படிப்பட்டவரைத் திருடர் என்பதா, தர்மவான் என்பதா என்று எங்கள் மெஸ்ஸில் அடிக்கடி விவாதம் நடக்கும். ஒரு தடவையும் முடிந்ததில்லை.

நான் அதே சந்தில் இருந்த அந்த மெஸ்ஸில் தங்கி, ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் கெட்டுப் போவதற்கு வழி இல்லை. எனக்கு இருந்த ஒரே பெருமை என் குரல். காலையில் கிணற்றடியில் தோடியை எடுத்தேனானால் மெஸ்ஸே நிசப்தமாகிவிடும். உள்ளே சமையல்காரர் மட்டும் கரண்டியால் அண்டாவில் தாளம் போடுவார்.

ஒரு நவராத்திரிக்கு என் அக்காவுக்குத் துணையாகத் தியாகராய நகரில் ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போனேன். ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரின் வீடு. அந்த வீட்டுப் பெண் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கொலுப்படியில் இருந்த செட்டியார் பொம்மை தலைகுப்புற உருண்டு, கீழ்ப்படியில் இருந்த செட்டிச்சி பொம்மையின் காலில் வந்து விழுந்தது. அவ்வளவுதான், அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தாள், சிரித்தாள், சுண்டலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நாங்கள் விடைபெற்றுக்கொண்டு தெருக்கோடிக்கு வந்த பிறகும் எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் நிஜமாகவே காசிக்குப் போய்விடுவது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் பொட்டு மாமா ஒருவரைத் தவிர வேறு தரகரை வாசற்படி ஏற விடமாட்டார் என்று தெரிந்தது. அக்கா அவரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"பொண்ணு தங்கம்" என்றார் பொட்டு மாமா. "பத்தொம்பது வயசு. இண்டர்மீடியட் வரைக்கும் படிச்சிருக்கா. அடக்கம், ஒடுக்கம் எல்லாம் உண்டு." தண்ணீர் குடித்தார். "ஆனா ஒண்ணு. சிரிக்க ஆரம்பிச்சா நிக்காது. பார்க்க வந்த மூணு மாப்பிள்ளைகள் கோவிச்சுண்டு எழுந்து போயிட்டா. ஒருத்தன் தும்மினானாம், அதுக்கு. இன்னும் ஒருத்தன் போயிட்டான்னா அவ அப்பா அவளை வெளியிலேயே விடப் போறதில்லையாம். மனுஷனுக்கு அவ்வளவு அவமானமாப் போயிடுத்து."

அக்கா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை. பொட்டு மாமாவைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "மாமா, எனக்கு இந்த இடம் குதிர்ந்தே ஆகணும். உங்களுக்குக் கோடிப் புண்ணியம், என்னைப் பத்தி 'ஆனா ஒண்ணு' சொல்லாதேங்கோ" என்று கெஞ்சினேன்.

"சொல்லாம இருந்தா அவர் என்னை நம்ப மாட்டாரேடா."

"என்கிட்ட என்ன குறையைக் கண்டேள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். "தேடணும்" என்றார்.

அன்றிலிருந்து என்னை விடவில்லை. மெஸ்ஸில் எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு நான் சாப்பிடுவதையே பார்ப்பார்.

"இலையில மிச்சம் வைப்பியோ?"

"இல்லே மாமா."

"யார்மேலயாவது பொறாமை உண்டோ?"

"எங்க ஹெட் கிளார்க்கைப் பார்த்தா கொஞ்சம் எரியும்."

"அது பொறாமை இல்லேடா, நியாயம்" என்று உதட்டைப் பிதுக்குவார். "ஒண்ணும் தேறல்லியே. உன்னை வெச்சுண்டு நான் எப்படித்தான் கல்யாணம் பண்ணி வைப்பேன்?"

நல்லவனாக இருப்பதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இவர் கடைசி நிமிஷத்தில் எதையாவது விபரீதமாகச் சொல்லித் தொலைப்பதைவிட, நாமே கௌரவமான ஒரு கெட்ட பழக்கத்தைப் பழகிக்கொண்டால் என்ன என்று தோன்றியது. மூக்குப்பொடி வாங்கினேன். மறுநாள் ஆபீசுக்குப் போகும்போது டிராமில் ஒரு சிட்டிகை இழுத்தேன். லஸ்ஸில் ஆரம்பித்த தும்மல் மவுண்ட் ரோடு வந்தும் நிற்கவில்லை. கண்டக்டர் மணி அடிக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டார்கள்.

சிவந்த மூக்கோடு பொட்டு மாமாவிடம் போய் நின்றேன். அவர் தலையை ஆட்டினார். "இது கெட்ட பழக்கம் இல்லேடா, வியாதி. அதுவும் தும்மலை அந்தாத்துல ஏற்கெனவே பார்த்தாச்சு."

பெண் பார்க்கிற நாள் வந்தது. அக்கா, அத்திம்பேர், நான், பொட்டு மாமா நாலு பேரும் கன்னியப்பன் வண்டியில் போனோம். தியாகராய நகர் அப்போதுதான் ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்த புது இடம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பொட்டலாக இருக்கும். ஏரி போனாலும் தவளைகள் போகவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "கொஞ்சம் லேட்" என்றார். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, கவலை. உள் அறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொஜ்ஜி, பஜ்ஜி ஆயிற்று. பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். சிரிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். பொட்டு மாமா என் புராணத்தை ஆரம்பித்தார். அத்தனையும் நல்ல வார்த்தை. கேட்கக் கேட்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பிறகு செம்பைத் தூக்கினார்.

"ஆனா ஒண்ணு. பையன் பாடுவான்."

"பாட்டா? அது நல்ல விஷயந்தானே ஓய்?"

"கேட்டுட்டுச் சொல்லுங்கோ."

ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ பையன் ஒண்ணு பாடட்டும். எவ்வளவு குறைன்னு நாமளும் தெரிஞ்சுக்கணுமோல்லியோ."

"பொண்ணைப் பாடச் சொல்றதுதானே வழக்கம்?" என்றாள் அக்கா.

"எங்க பொண்ணுக்குப் பாட வராது. அதனால பையனையே கேக்கறேன்."

நான் இருந்த இக்கட்டைப் பாருங்கள். நன்றாகப் பாடினால் பொட்டு மாமா பொய்யராகிறார். அவர் சொன்ன நல்லதெல்லாமும் கூடவே பொய்யாகிறது. வேண்டுமென்றே கெடுத்துப் பாடினால் அந்தப் பெண்ணின் காதில் நான் என்ன ஆவேன்? ஒரு கணம் தவித்தேன். கலை ஜெயித்தது. பொட்டு மாமா எக்கேடு கெட்டும் போகட்டும் என்று, தொண்டையைக் கனைத்து, கிணற்றடித் தோடியை ஒரு குறையும் வைக்காமல் எடுத்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டரின் கை மெதுவாக எழுந்தது. சிவப்புக் கொடியைத் தேடுகிற கை அது. அத்திம்பேர் பஜ்ஜித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதையே படித்துக்கொண்டிருந்தார். வெளியே தவளைகள் நிறுத்திவிட்டன. பல்லவியின் உச்சியில் நான் நின்றபோது, உள் அறையிலிருந்து அந்தச் சிரிப்பு கிளம்பியது.

செட்டியார் பொம்மைக்குச் சிரித்த அதே சிரிப்பு. முதலில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வந்தது. பிறகு தலைப்பு தோற்றுப் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் வெளுத்தது. நாலாவது மாப்பிள்ளையும் எழுந்து போகப் போகிறான் என்று அந்த மனிதர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எனக்குப் பாட வராது என்று. அந்த வயதில், அத்தனை பேர் எதிரில், இப்படி ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது சுலபம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நின்று போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அனுபல்லவியை எடுத்தேன். சிரிப்பு ஏறியது. சரணத்தையும் பாடினேன். உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது.

"மாப்பிள்ளே, போதும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்ன அந்த முதல் வார்த்தையிலேயே நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது வண்டியில் பொட்டு மாமாவைக் கேட்டேன். "எங்கிட்ட ஒரு குறையும் இல்லேன்னேளே மாமா. எப்போ கண்டுபிடிச்சேள்?"

"உன் மெஸ்ஸுக்கு எதிர்லதானேடா ரெண்டு வருஷமா இருக்கேன்? உங்கிட்ட சொல்ல மனசு வரல்லே."

முன்னாலிருந்து கன்னியப்பன் சொன்னான். "நான் வெளில நின்னுகினு இருந்தேன் சாமி. குதிர அவுத்துக்கினு ஓடப் பார்த்துச்சு."

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "அப்போ அந்தத் தாசில்தார் மாப்பிள்ளை?"

"விடறான். அந்தப் பொண்ணு அவனுக்கு மேல விடறா. அதான் ரெண்டு பேருக்கும் கேட்கல்லே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணப் பேச்சுல நான் இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லேடா. பொட்டு நான் வைக்கறதே இல்லே, எல்லார்கிட்டயும் இருக்கு. கொஞ்சம் தேடணும், அவ்வளவுதான். ஜோசியன் பத்துப் பொருத்தம் பார்க்கட்டும். நல்ல குணம் யாரோட வேணும்னாலும் ஒத்துப் போகும். கெட்டதும் கெட்டதும் ஒத்துப் போறதான்னு பார்க்கறதுதான் கஷ்டம்."

கல்யாணம் தியாகராய நகரிலேயே நடந்தது. பொட்டு மாமா வழக்கம்போல முன்கூட்டியே எச்சரித்திருந்ததால், ஸ்டேஷன் மாஸ்டர் காசி யாத்திரைக் குடையில் உட்பக்கமும் வெளிப்பக்கமும் வெள்ளைப் பெயிண்டால் தம் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு காசிக்குக் கிளம்பினேன், திரும்பினேன். தாலி கட்டி முடித்துப் பார்த்தால் குடையைக் காணோம்.

அந்த வருஷ மழையில் என் மாமனார் கபாலி கோவிலுக்கு வந்து கோபுர வாசலில் மாட்டிக்கொண்டார். பொட்டு மாமா அவரிடம் ஒரு குடையை நீட்டினார். விரித்தால் மாமனாரின் பெயர்.

"ஓய், இது என் குடை" என்றார் மாமனார்.

"ஆமாம், உங்களுக்குத்தான். நனையாமப் போய்ச் சேருங்கோ. நாளைக்கு மறக்காமத் திருப்பிக் கொடுத்துடுங்கோ, வேற யாருக்காவது வேணும்."

யாரிடமும் திருப்பிக் கேட்காதவர், குடைக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்டார். மாமனார் மறுநாள் மெனக்கெட்டு மயிலாப்பூர் வந்து, குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் கொடுத்தார் என்று கடைசி வரைக்கும் அவருக்கே விளங்கவில்லை.

பொட்டு மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கிணற்றடித் தோடியை நான் இன்னும் விடவில்லை. என் மனைவியும் சிரிப்பை விடவில்லை. போன தை மாதம் எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம். குடை வாங்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டு, கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கினேன். மாப்பிள்ளை காசிக்குப் போய்த் திரும்பியதும், அதை உள்ளே எடுத்து வைக்காமல் வாசல் நிலைப்படி ஓரமாகச் சாத்தி வைத்தேன். அந்த வழியாகப் போகிற யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

சாயங்காலம் பந்தலைப் பிரிக்கிறபோது போய்ப் பார்த்தேன். குடை வைத்த இடத்திலேயே இருந்தது. என் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இன்னும் இங்கேதான் இருக்கா?" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை.